கைதட்டல் ஓய்ந்த பின்னர்: மொன்றியலின் அற்புதச் சிறுவனும் புலம்பெயர் பெற்றோரும்

மொன்றியல் ஷேர்புறூக் வீதியிலுள்ள ரிட்ஸ்-கார்ல்ரன் விடுதியில் 1935 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆம் நாள் ஒரு பியானோக் கச்சேரி நடைபெற்றது. வாசித்த சிறுவனுக்கு ஆறு வயது நிறைந்து சரியாக ஒரு வாரமே ஆகியிருந்தது. அவன் வாசித்தவை பிறர் எழுதிய பாடங்கள் அல்ல, அவனே இயற்றியவை. அன்ட்ரே மத்தியூ என்ற அந்தச் சிறுவன் 'கனடாவின் மொசார்ட்' எனக் கொண்டாடப்பட்டான். முப்பத்து மூன்று ஆண்டுகளின் பின்னர், 1968 யூன் 2 ஆம் நாள், அதே நகரில் மதுவால் உடல் சிதைந்து, பெரும்பாலானோரால் மறக்கப்பட்டவராக அவர் இறந்தபோது வயது 39.

இந்த வாழ்க்கையைக் கியூபெக் நெறியாளர் லுக் டியோன் 2010 ஆம் ஆண்டில் 'லான்ஃபான் புரொடிஜ்', அதாவது அற்புதக் குழந்தை, என்ற பெயரில் திரைப்படமாக்கினார். சிறுவன் அன்ட்ரேயாகக் கிய்யோம் லெபோனும், வளர்ந்த அன்ட்ரேயாகப் பத்ரிக் ட்ரோலேயும், தந்தை ரொடோல்ஃபாக மார்க் லப்ரேஷும் நடித்துள்ளனர். மத்தியூவின் இசையை மறதியிலிருந்து மீட்பதற்குப் பல ஆண்டுகள் உழைத்த பியானோக் கலைஞர் அலென் லெஃபேவ்ர் படத்தின் இசைப் பகுதிகளை வாசித்துள்ளார். அமைப்பில் இது வழக்கமான வாழ்க்கை வரலாற்றுப் படந்தான். நிகழ்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்கிறது, சில இடங்களில் உணர்ச்சி சற்று மிகையாகவும் வழிகிறது. ஆயினும், பிள்ளையைச் சங்கீத வகுப்புக்கும் மிருதங்க வகுப்புக்கும் வயலின் வகுப்புக்கும் பனியிலும் குளிரிலும் ஏற்றி இறக்குகின்ற தமிழ்ப் பெற்றோர் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய படம் இது. காரணம், இதில் கொடியவர் என்று சுட்டிக்காட்டத்தக்க ஒருவரும் இல்லை. பிள்ளையை அடித்துத் துன்புறுத்தும் தந்தையோ, பணத்துக்காக மகனை விற்கும் தாயோ இங்கு இல்லை. இசையை நேசித்த ஒரு குடும்பம், பிள்ளையை நேசித்த ஒரு குடும்பம், அந்தப் பிள்ளையை எவ்வாறு இழந்தது என்பதே கதை.

தந்தை ரொடோல்ஃப் மத்தியூ சாதாரண மனிதர் அல்லர். 1890 ஆம் ஆண்டில் கியூபெக்கின் கிரொண்டீன் என்ற சிற்றூரில் பிறந்து, 1920களில் பாரிஸ் சென்று இசை பயின்று, 1927 இல் நாடு திரும்பிய இசையமைப்பாளர் அவர். ஐரோப்பாவின் புதிய இசைப் போக்குகளை உள்வாங்கி அவர் எழுதிய படைப்புகளை அன்றைய மொன்றியல் சமூகம் விளங்கிக்கொள்ளவில்லை. வாழ்க்கைப்பாட்டுக்காக மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதிலேயே காலம் கழிந்தது. தாய் வில்ஹெல்மினும் வயலின் வாசிப்பவர், இசை ஆசிரியை. இசைத் தொழிலின் வறுமையை அனுபவித்து அறிந்திருந்த தந்தை, தொடக்கத்தில் தன் மகன் அந்தப் பாதைக்கு வருவதை விரும்பவில்லை எனக் கூறப்படுகிறது. ஆனால் நான்கு வயதில் மகன் பியானோவுக்கான மூன்று பயிற்சிப் படைப்புகளை இயற்றிவிட்டான். அதன் பிறகு தந்தையின் எதிர்ப்பு கரைந்தது. தனக்குத் திறவாத கதவுகள் மகனுக்கு ஒவ்வொன்றாகத் திறப்பதைக் கண்ட ஒரு கலைஞனின் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. தமிழ்ப் பெற்றோருக்கு அந்த ஊகம் இன்னும் எளிது.

கியூபெக் அரசு உதவித்தொகை வழங்கியது. 1936 இல் குடும்பம் பாரிஸ் சென்றது. அந்த ஆண்டு டிசெம்பரில் ஏழு வயதுச் சிறுவன் பாரிஸ் மேடையில் தோன்றினான். விமர்சகர்கள் அவனை மொசார்ட்டுடன் ஒப்பிட்டனர். 1939 கோடையில் விடுமுறைக்காக ஊர் திரும்பிய வேளையில் இரண்டாம் உலகப்போர் மூண்டு, மீண்டும் ஐரோப்பா செல்லும் வழி அடைபட்டது. 1940 பெப்ரவரியில் நியூயோர்க்கின் ரவுண் ஹோல் மேடை. நியூயோர்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு தனது நூற்றாண்டை ஒட்டி இளம் இசையமைப்பாளர்களுக்கு நடத்திய போட்டியில் முதற்பரிசு. 1942 இல், பதின்மூன்று வயதளவில், கார்னெகி மண்டபம். இவை அனைத்தையும் ஒரு தமிழ்ப் பெற்றோர் முகநூலில் பதிவிட்டால் எத்தனை வாழ்த்துகள் குவியும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதன் பிறகுதான் பார்க்க வேண்டிய பகுதி வருகிறது. பதினான்கு, பதினைந்து வயதில் அவன் 'அற்புதச் சிறுவன்' என்ற நிலையைக் கடந்துகொண்டிருந்தான். குரல் உடைந்தது, மீசை அரும்பியது. ஆறு வயதில் வியப்பூட்டியது பதினாறு வயதில் வியப்பூட்டுவதில்லை. பதினாறு வயதில் நன்றாகப் பியானோ வாசிப்போர் உலகில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். 1946 இல் மீண்டும் பாரிஸ் சென்று ஆர்தர் ஒனெகெரிடம் இசையமைப்புப் பயின்றார். அந்தப் பயணம் நிலைக்கவில்லை, 1947 இல் திரும்பினார். மது கூடவே வந்தது. 1954 இல் மொன்றியலில் 21 மணித்தியாலங்கள் தொடர்ந்து பியானோ வாசிக்கும் 'பியானோதோன்' என்ற சாதனைக் காட்சியை நடத்தினார். அடுத்தும் இவ்வாறான காட்சிகள் நடந்தன. கார்னெகி மண்டபத்தில் தன் சொந்தப் படைப்பை வாசித்தவர், எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருக்க முடியும் என்று காட்டிப் பார்வையாளரைக் கூட்ட வேண்டிய நிலை. இசையைக் காட்டிலும் வேடிக்கையே பெரிதாயிற்று. ஆனால் அந்த வேடிக்கை 1954 இல் தொடங்கியதன்று. ஆறு வயதுப் பிள்ளை வாசிப்பதைக் காண வந்தவர்களில் எத்தனை பேர் இசை கேட்க வந்தவர்கள்? எத்தனை பேர் ஆறு வயதைப் பார்க்க வந்தவர்கள்?

வயதை விற்பது இசையுலகில் பழைய வழக்கம். 1778 மார்ச்சில் கொலோன் நகரில் ஜொஹான் பேத்தோவன் தன் மகனின் கச்சேரிக்கு வெளியிட்ட அறிவித்தலில் சிறுவனின் வயது ஆறு என்று குறிப்பிடப்பட்டிருந்தது. உண்மையில் லூட்விக்குக்கு அப்போது ஏழு வயது. ஒரு வயது குறைந்தால் வியப்பு ஒரு படி கூடும் என்ற கணக்கு. தமிழ் விழா மேடைகளில் ஒலிவாங்கியைப் பிடிக்கும் அறிவிப்பாளர் முதலில் சொல்வது எது? இராகத்தின் பெயரா, குருவின் பெயரா, பிள்ளையின் வயதா? 'ஐந்தே வயது நிரம்பிய இந்தச் சின்னஞ்சிறு மழலை...' என்று தொடங்காத அறிமுகங்கள் மிகக் குறைவு.

மத்தியூவின் கதையைக் கேட்டவுடன் 'பார்த்தீர்களா, பிள்ளைகளை வருத்தக்கூடாது, அவர்கள் விருப்பப்படி விட்டுவிட வேண்டும்' என்று முடிவுக்கு வருவோரும் உள்ளனர். அது பாதி உண்மைகூட அன்று. அதே மொன்றியலில், அதே ஆண்டுகளில், ரிட்ஸ்-கார்ல்ரனிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தூரத்தில், மலையடிவாரச் செல்வர் பகுதிக்குக் கீழே புகையிரதப் பாதைகளை ஒட்டி அமைந்த பெத்தித்-பூர்கோஞ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வேறொரு சிறுவன் பியானோ பயின்றுகொண்டிருந்தான். மத்தியூவைவிட மூன்றரை வயது மூத்தவன். பெயர் ஒஸ்கார் பீற்றர்சன்.

ஒஸ்காரின் பெற்றோர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தை டானியல் கனேடியப் பசுபிக் புகையிரத நிறுவனத்தின் படுக்கைப் பெட்டிகளில் பணியாளர். கறுப்பின ஆண்களுக்கு அன்று மொன்றியலில் கிடைக்கக்கூடிய மிகச் சில வேலைகளில் அதுவும் ஒன்று. தாய் வீட்டுப் பணிப்பெண். ஐந்து பிள்ளைகள். கப்பலில் வேலை செய்த காலத்தில் தானாகவே இசை வாசிக்கக் கற்றுக்கொண்ட டானியல், ஐவருக்கும் இசையைக் கட்டாயமாக்கினார். நாட்கணக்கில் நீளும் புகையிரதப் பயணத்துக்குப் புறப்படுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடம் குறித்துக்கொடுப்பார். திரும்பி வரும்போது பாடம் தயாராக இருக்க வேண்டும். இல்லையேல் விளைவுகள் இருந்தன. மகனுக்குத் தலைக்கனம் ஏறுகிறது என்று தோன்றியபோது ஆர்ட் டேற்றம் என்ற மேதையின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் கேட்கச் செய்தார். அதைக் கேட்ட ஒஸ்கார் பல வாரங்கள் பியானோவைத் தொடவில்லை. பாடசாலையை விட்டு இசைக்குச் செல்ல மகன் அனுமதி கேட்டபோது, வெறும் பியானோக்காரனாக ஆவதற்கு அனுமதியில்லை, முதன்மையானவனாக ஆவதாயின் மட்டுமே என்ற நிபந்தனையுடன் இசைந்தார் என்று ஒஸ்காரே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். கண்டிப்பிலும் பேராசையிலும் ரொடோல்ஃப் மத்தியூவைவிட டானியல் பீற்றர்சன் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர்.

ஆனால் ஒஸ்கார் பீற்றர்சன் அழியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய ஜாஸ் பியானோக் கலைஞர்களில் ஒருவராக 2007 இல், 82 ஆவது வயதில் மறைந்தார். 1993 இல் பக்கவாதம் தாக்கி இடது கை வலுவிழந்த பிறகும் மேடைக்குத் திரும்பியவர் அவர்.

இருவரின் திறமையில் இருந்த வேறுபாடு இதற்குக் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அவர்களைச் சூழ்ந்திருந்தோரில் வேறுபாடு இருந்தது. ஒஸ்காருக்குப் பியானோ கற்பித்தவர் தந்தை மட்டுமல்லர், ஐந்து வயது மூத்த அக்கா டெய்சி. பின்னாளில் டெய்சி பீற்றர்சன் சுவீனி அந்தக் குடியிருப்பின் பிள்ளைகள் பல நூறு பேருக்கு ஆசிரியையானார். ஒலிவர் ஜோன்ஸ் என்ற இன்னொரு புகழ்பெற்ற பியானோக் கலைஞரும் அவரிடம் பயின்றவரே. புகையிரதப் பணியாளர்களும் அவர்களின் குடும்பத்தினரும் 1907 இல் தொடங்கிய யூனியன் தேவாலயம் அருகில் இருந்தது. அங்கே பாடுவதும் வாசிப்பதும் அன்றாடம் நடப்பவை, அதிசயமாக யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. உயர்நிலைப் பாடசாலையில் சக மாணவர்களின் இசைக்குழு இருந்தது. பின்னர் போல் டி மார்க்கி என்ற ஹங்கேரிய ஆசிரியர், குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்தவர், மாணவனை அவனுடைய இசைக்காக மட்டுமே அறிந்தவர். பதினான்கு வயதில் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் போட்டியில் வெற்றி, அதன் பிறகு உள்ளூர் வானொலி, ஜொனி ஹோம்ஸ் நடனக் குழுவில் பல ஆண்டுகள், வின்ட்சர் புகையிரத நிலையத்துக்கு அருகே அல்பேர்ட்டா லவுஞ்சில் இரவுதோறும் வாசிப்பு. 1949 இல் கார்னெகி மண்டபத்தில் முதன்முறை தோன்றியபோது அவருக்கு 24 வயது. அதற்குள் அவர் இசைத்தொழிலை உள்ளும் புறமும் அறிந்த வளர்ந்த மனிதராகியிருந்தார். பதின்மூன்று வயதில் கார்னெகி மண்டபம் கண்ட மத்தியூவுக்கோ வயதொத்த தோழர்களுடன் சேர்ந்து வாசித்த காலம் என்று சொல்லத்தக்க ஒன்று அமையவில்லை. அவனைச் சுற்றியிருந்தோரிற் பெரும்பாலோர் வியக்கும் பெரியவர்கள். முதல் ஆசிரியரும் தந்தையே, வழிகாட்டியும் தந்தையே. மகன் எங்கே சென்றானோ அங்கே வீடும் சென்றது. பாரிஸ் என்றால் பாரிஸ், நியூயோர்க் என்றால் நியூயோர்க். ஒரு குடும்பமே தன் முதுகில் ஏறியிருப்பதைப் பிள்ளை உணராமல் இருக்குமா?

இதில் அரசுக்கும் சமூகத்துக்கும் உள்ள பங்கையும் சொல்லாமல் விட முடியாது. கியூபெக் அரசின் இசைக் கல்லூரி 1942 இல்தான் நிறுவப்பட்டது. அதற்கு முன் திறமையுள்ள பிரெஞ்சுக் கனேடியப் பிள்ளைக்குப் பாரிஸே வழி என்ற நிலை இருந்தது. தன் மொழிக்கும் தன் இனத்துக்கும் உலகில் மதிப்பில்லை என்று ஏங்கிக்கொண்டிருந்த ஒரு சிறிய சமூகம், ஒரு குழந்தையின் விரல்களில் தன் மானத்தை ஏற்றி வைத்தது. ஆங்கிலக் கடலுக்கு நடுவே தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ள முயன்ற மக்கள் 'எங்களுக்கும் ஒரு மொசார்ட் உண்டு' என்று சொல்ல விரும்பினர். அந்த விருப்பத்தைக் குறை சொல்ல ஈழத்தமிழருக்கு உரிமை இல்லை. நூலகம் எரிக்கப்பட்டு, 1983 இல் வீடுகள் கொளுத்தப்பட்டு, நாடு விட்டு நாடு ஓடிய மக்கள் அவர்கள். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். அவர்களிற் பலர் பின்னர் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தனர். அப்படி வந்து, உணவகங்களில் பாத்திரம் கழுவியும் ஆடைத் தொழிற்சாலைகளில் இரவுபகல் உழைத்தும் வாழ்ந்த ஒரு தலைமுறை தன் பிள்ளை பட்டுடுத்தி மேடையில் அமர்ந்து தோடி பாடுவதைக் காணும்போது கண்ணீர் விடுவது இயல்பு. அந்தக் கண்ணீரில் பாசாங்கு இல்லை. அந்தக் கண்ணீருக்கான பொறுப்பைப் பிள்ளை சுமக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

ஈழத்தில் இதற்கு வேறொரு மரபு இருந்தது என்பதையும் நினைவுகொள்ள வேண்டும். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி சிறுவயதிலேயே பெரியோரை வியக்க வைத்தவர். தந்தை விசுவலிங்கம் தானும் தவில் வித்துவான். மகனுக்கு அவர் அளித்த பயிற்சி இலேசானதன்று. தமிழகத்தின் பெருங்கலைஞர்கள் விரும்பி அழைத்த அந்தத் தவில் 1975 இல், அவருடைய 41 ஆவது வயதில் ஓய்ந்தது. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்திய அரசின் தேசிய விருது பெற்றது. மத்தியூவைப் போலவே இளமையில் முடிந்த வாழ்க்கைதான், ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இணுவிலிலும் அளவெட்டியிலும் ஒரு சிறுவன் தவில் பழகினால், அவனுக்கு முன்னே ஒரு பாதை தெளிவாகத் தெரிந்தது. கோயில் திருவிழா, மூத்த கலைஞர்களின் பக்கவாத்தியம், விடிய விடிய நடக்கும் கச்சேரிகள், அதைக் கேட்டுத் தலையாட்டவும் தவறைச் சுட்டவும் தெரிந்த ஊர்மக்கள். சிறுவன் இளைஞனாகி, இளைஞன் வித்துவானாகும் வழி அது. அந்த முறையில் சாதியின் கட்டாயமும் இருந்தது, வேறு தொழில் தெரிவு செய்யும் உரிமை பிள்ளைக்கு மறுக்கப்பட்டது, கோயிலில் நாதம் பொழிந்தவனுக்கு ஊரில் சம இருக்கை கிடைக்கவில்லை என்பவற்றை மறைக்கவும் கூடாது. அது மீண்டும் வரவேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் சிறுவயதுத் திறமைக்கும் வளர்ந்தோர் வாழ்வுக்கும் இடையே அதில் ஒரு பாலம் இருந்தது.

புலம்பெயர் வாழ்வில் அந்தப் பாலம் இல்லை, அரங்கேற்றம் மட்டுமே உண்டு.

அரங்கேற்றம் என்ற சொல்லின் பொருள் அரங்குக்கு ஏறுதல், அதாவது தொடக்கம். மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அது முடிவாகிவிட்டது. மண்டபத்துக்கும் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கும் அச்சிட்ட மலருக்கும் ஒளிப்பதிவுக்கும் இராப்போசனத்துக்கும் செலவு, சில குடும்பங்களில் அதற்கெனக் கடன். மறுநாள் சுருதிப்பெட்டி அலமாரிக்குள் போகிறது. கியூபெக்கில் இது இன்னும் துல்லியமாக நிகழ்கிறது. பதினேழு வயதளவில் பிள்ளை உயர்நிலைப் பாடசாலையை முடித்துச் செஜெப் கல்லூரிக்குச் செல்கிறது. அங்கே பெறும் 'கோட் ஆர்' எனப்படும் புள்ளியை வைத்தே மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல் முதலியவற்றுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கிறது. அந்த நாளிலிருந்து வீட்டில் இசை என்பது நேரத்தை வீணாக்கும் செயலாகிவிடுகிறது. ஏழு வயதில் பாட மறுத்த பிள்ளையை அதட்டிப் பாட வைத்த அதே பெற்றோர், பதினேழு வயதில் பாட விரும்பும் பிள்ளையை அதட்டி நிறுத்துகின்றனர். ரொடோல்ஃப் மத்தியூவிடம் ஆயிரம் குறைகள் இருக்கலாம், இந்தக் குறை இல்லை. இசை என்பது ஒரு வாழ்நாளைக் கொடுப்பதற்குத் தகுதியானது என்று அவர் உண்மையாக நம்பினார். அந்த நம்பிக்கையைத் தன் வாழ்விலேயே நடத்திக் காட்டினார். தமிழ்ப் பெற்றோரிற் பலர் விரும்புவது கைதட்டலை. இசையை அல்ல. இது கடுமையான கூற்றாகத் தோன்றலாம். அரங்கேற்றம் முடித்த பிள்ளைகளில் இருபத்தைந்து வயதில் வாரம் ஒருமுறையாவது வாசிப்போர் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் தத்தம் உறவினர் வட்டத்தில் எண்ணிப் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.

தொலைக்காட்சிப் போட்டிகள் இதனை மேலும் வேகப்படுத்தியுள்ளன. 2015 இல் தமிழகத் தொலைக்காட்சியின் சிறுவர் பாட்டுப் போட்டியில் கனடாத் தமிழ்ச் சிறுமி ஒருவர் இரண்டாமிடம் பெற்றபோது உலகெங்கும் தமிழ் வீடுகள் மகிழ்ந்தன, அது நியாயமான மகிழ்ச்சி. 2019 இல் சென்னையின் லிடியன் நாதஸ்வரம் பதின்மூன்று வயதில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து இலட்சம் டொலர் வென்றபோதும் அவ்வாறே. ஆனால் ஒவ்வொரு வெற்றியின் மறுநாளும் எத்தனையோ பிள்ளைகளிடம் 'உன்னால் ஏன் முடியாது?' என்று கேட்கப்பட்டிருக்கும். அந்தக் கேள்விகளை எந்தத் தொலைக்காட்சியும் ஒளிபரப்புவதில்லை.

இளையோருக்கு இன்னொரு படத்தையும் குறிப்பிட வேண்டும். சுவிற்சர்லாந்தின் ஃப்ரெடி முரெர் 2006 இல் நெறிப்படுத்திய 'வீற்றுஸ்'. அதில் வரும் சிறுவன் பியானோவிலும் கணிதத்திலும் அசாதாரணத் திறமையுள்ளவன். தாயின் திட்டங்களுக்கு நடுவே மூச்சுவிட முடியாத நிலையில், உயரத்திலிருந்து விழுந்து மூளையில் அடிபட்டதாக நடித்து, தான் சாதாரணப் பிள்ளையாகிவிட்டதாக எல்லோரையும் நம்ப வைக்கிறான். உண்மை தெரிந்தவர் பாட்டனார் ஒருவரே. பின்னர் தானாக விரும்பிப் பியானோவுக்குத் திரும்புகிறான். கதை சற்று மாயத்தன்மை உடையதுதான், பன்னிரண்டு வயதுப் பிள்ளை பங்குச் சந்தையில் பெருஞ்செல்வம் ஈட்டுவது போன்றவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்ல வழியில்லாத பிள்ளை பொய் சொல்லத் தொடங்கும் என்பது மாயம் அன்று. தொண்டை வலி, வயிற்று வலி, பரீட்சை, குழு வேலை என்று இசை வகுப்பைத் தவிர்க்கும் பிள்ளைகள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். அன்ட்ரே மத்தியூவுக்கு வீற்றுஸைப் போல் விழுந்து நடிக்கும் வாய்ப்பு இருக்கவில்லை, உண்மையை அறிந்த பாட்டனாரும் இருக்கவில்லை.

பெற்றோர் செய்யக்கூடியவை மிகப் பெரியவை அல்ல. அரங்கேற்ற மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன், அடுத்த ஆண்டு இந்தப் பிள்ளை யாருடன் சேர்ந்து வாசிக்கப்போகிறது என்று ஆசிரியரிடம் கேட்கலாம். விடை இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அந்த விடையைத் தேடுவதற்குச் செலவிடலாம். கியூபெக்கின் பொதுப் பாடசாலைகளில் இசையை முதன்மையாகக் கற்பிக்கும் ஜோசெஃப்-பிரான்சுவா-பெரோ, ஃபேஸ் போன்றவை உள்ளன. வனியர், சென்-லோரான் முதலிய செஜெப் கல்லூரிகளில் இசைக்கெனத் தனிப் பாடநெறிகள் உண்டு. மிருதங்கம் பழகிய பிள்ளை அங்கே ஜாஸ் குழுவுடன் அமர்ந்தால் தாளம் கெட்டுவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. தமிழ் அமைப்புகளும் ஆலயங்களும் தமது விழா நிகழ்ச்சிநிரலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பத்து வயதுக்குட்பட்டோருக்கு மேடை நிறைய இருக்கிறது. பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டோருக்கு என்ன இருக்கிறது? தொலாட்-டெ-ஓர்மோ முருகன் ஆலயத் திருவிழாவாயினும் கலைவிழாவாயினும், ஊதியத்துடன் ஒரு கச்சேரியை இங்கே பிறந்து வளர்ந்த இளையோருக்கு ஒதுக்குவது பெரிய சுமையாகாது. சென்னையிலிருந்து ஒருவரை அழைப்பதற்கான விமானச்சீட்டுச் செலவைவிடக் குறைவாகவே முடியும். அறிவிப்பாளர்கள் பிள்ளையின் வயதைச் சொல்வதை விட்டுவிட்டுப் பாடலின் பெயரையும் குருவின் பெயரையும் சொல்லலாம். இதற்குச் செலவே இல்லை.

மத்தியூவின் இசைக்கு என்ன ஆயிற்று என்பதையும் கூறிவிட வேண்டும். அவர் இறந்து எட்டு ஆண்டுகளின் பின், 1976 மொன்றியல் ஒலிம்பிக் விளையாட்டு விழாவின் இசைக்கு அவருடைய மெட்டுகளை எடுத்து விக் வோகல் இசையமைத்தார். உலகமே கேட்டது, இயற்றியவர் யாரென்று கேட்டவர் சிலரே. 2003 இல் அலென் லெஃபேவ்ர் கியூபெக் நகர இசைக்குழுவுடன் 'கொன்சேர்ட்டோ டி கெபெக்' படைப்பை ஒலிப்பதிவு செய்தார். மத்தியூ போர்க்காலத்தில், பதின்மூன்று பதினான்கு வயதில் எழுதியது அது. நான்காவது கொன்சேர்ட்டோவின் முழு எழுத்துப்படி கிடைக்கவில்லை. மத்தியூ தானே வாசித்திருந்த பழைய இசைத்தட்டுகளைக் கொண்டு மீளமைத்து 2008 இல் அமெரிக்காவின் ரூசன் நகரில் மேடையேற்றினர். அந்த ஒலிப்பதிவுகளை இன்று கேட்பவருக்கு எழுதியவனின் வயது தெரிய வேண்டியதில்லை. சில பகுதிகளில் றக்மனினொவின் நிழல் தெரிகிறது, சில பகுதிகள் முதிர்ச்சி குறைந்தவை, சில பகுதிகள் உண்மையிலேயே அழகானவை. உயிரோடிருந்தபோது அவருக்கு இந்த நிதானமான மதிப்பீடு கிடைக்கவில்லை. கிடைத்தவை வியப்பும், பின்னர் மறதியும்.

படம் பிரெஞ்சு மொழியிலானது. 1977 இன் 101 ஆம் சட்டத்தின்படி பிரெஞ்சுப் பாடசாலைகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதன் உரையாடல்கள் எளிதில் விளங்கும், பெற்றோரிற் பலருக்கு விளங்காது. எனவே வீட்டு இருக்கையில் பெற்றோரும் பிள்ளையும் அருகருகே அமர்ந்து பார்க்கும்போது, மகன் தந்தையிடம் பேசும் காட்சிகளில் படத்தை நிறுத்தி, அவன் என்ன சொல்கிறான் என்பதைப் பிள்ளைதான் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.